குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் மூன்றாமவர் சாட்சியம்

குழந்தை யாரிடம் வளர்வது என்று பெற்றோர் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடும்போது, அதன் நிலை குறித்துப் பிறரும் கவலை தெரிவிப்பதுண்டு. பாட்டி, பக்கத்து வீட்டார், வகுப்பாசிரியர், மருத்துவர் போன்றோர் இவ்வாறு முன்வருகின்றனர். வழக்கு நடக்கும் வேளையில் சொல்லப்படுவதாலேயே இது தூண்டிவிடப்பட்ட சாட்சியம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். இவ்வாதம் வலுவற்றது. பெற்றோரின் பிரிவு குழந்தையை மிகவும் வாட்டும் காலம் அது. வாட்டம் பிறர் கண்ணில் படுவதும் அப்போதுதான்.

காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம், 1890இன் 17ஆம் பிரிவு, காப்பாளராக விரும்புபவரின் குணம், திறன், குழந்தையோடு அவருக்கு இருந்துவரும் உறவு ஆகியவற்றைக் கருதச் சொல்கிறது. இவற்றை மனுவிலிருந்து அறிய முடியாது. நேரில் கண்டவர் சொல்ல வேண்டும். தாயை இழந்த சிறுவன் ஒருவன் பற்றிய வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், காப்பாளராக விரும்புபவரின் குணத்தைக் கருதியாக வேண்டும் என்று வலியுறுத்தியது. அத்தாயின் இறப்பு தொடர்பாகத் தந்தை மீது குற்ற வழக்கு நிலுவையில் இருந்தது. அதற்கு உரிய கவனம் தராமல் சிறுவனைத் தந்தையிடம் ஒப்படைத்த கீழ் நீதிமன்றங்களின் ஆணைகள் நிலைக்கவில்லை. தாய்வழித் தாத்தா பாட்டியின் அச்சமும் தந்தையிடம் செல்ல விரும்பாத சிறுவனின் சொல்லும் அங்கே பொருட்படுத்தப்பட்டன.

குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984இன் 14ஆம் பிரிவு இன்னும் தாராளமானது. வழக்கைத் தீர்க்க உதவும் எந்த அறிக்கையையும் வாக்குமூலத்தையும், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்று பாராமலே, நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் ஏற்பது வேறு, நம்புவது வேறு. 'குழந்தை பயந்துபோயிருக்கிறது' என்பது சாட்சியின் முடிவு. 'திங்கட்கிழமைகளில் சாப்பாட்டைத் தொடாமல் வைத்திருந்தான்' என்பது சாட்சி கண்டது. இரண்டாவதற்கே எடை அதிகம். வருகைப் பதிவேடோ மருத்துவச் சீட்டோ உடனிருந்தால் எடை மேலும் கூடும். எத்தரப்பையும் சாராத ஆசிரியரின் சொல் உறவினரின் சொல்லைவிட மதிப்புள்ளது. எனினும் நாள்தோறும் குழந்தையோடு இருப்பவர் பாட்டியே. உறவைக் காரணம் காட்டி அவர் சொல்லைத் தள்ளிவிடுவது தவறு. சார்பு உண்டா என்பதைக் குறுக்கு விசாரணையில் கண்டறியலாம்.

பாலியல் வன்முறை பற்றிய ஐயம் எழுந்தால், பொறுப்பு வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்கு அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது. இழிவுபடுத்தும் நோக்கில் பொய்ப்புகார் தருவது 22ஆம் பிரிவின்படி குற்றம். பிற துன்புறுத்தல்களுக்கு 1098 உதவி எண் உண்டு.

நடைமுறையில் பெருங்குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, சாட்சி சொல்வதை நீதிபதி முழுமையாக எழுத வேண்டியதில்லை. சாரத்தைப் பதிந்தால் போதும். விரைவுக்காக வந்த ஏற்பாடு இது. ஆனால் குழந்தை ஆசிரியரிடம் சொன்ன சொற்கள் சாரமாகும்போது பெரியவர்களின் சொற்களாகிவிடுகின்றன. மேல்முறையீட்டில் மூலச்சொல்லைச் சரிபார்க்க வழியில்லை. முழுமையாகப் பதிவதை அப்பிரிவு தடுக்கவில்லை. ஆகவே, குழந்தை சொன்னதாகச் சாட்சி கூறும் பகுதியையேனும் குடும்ப நீதிமன்றங்கள் சொன்னது சொன்னபடியே பதிவு செய்ய வேண்டும்.