பின்கண்ணாடி வழியே வந்த புகை



அரசர்களும் போர்களும்தாம் வரலாறு என்று என் மாணவர்கள் பலர் எண்ணியிருக்கிறார்கள். நாம் அன்றாடம் ஏறி அமரும் மகிழுந்துக்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. அதை எனக்குக் கற்றுத் தந்தது, 1970களில் எங்கள் வீட்டில் இருந்த ஒரு பழைய ஸ்டேஷன் வேகன்.

ஒரு தைப்பூசத்தன்று தோட்டத்திலிருந்து பத்துமலைக்குப் புறப்பட்டோம். பிள்ளைகள் மூவரும் வண்டியின் பின்பகுதியில் அமர்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்திற்குள் எனக்குத் தலைவலி, தங்கைக்குக் குமட்டல், தம்பியோ எழுப்பியும் எழாத தூக்கத்தில் கிடந்தான். பயணக் களைப்பு என்று எண்ணிய அம்மா எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். நல்ல காற்று வரட்டும் என்று அப்பா பின்கதவின் கண்ணாடியை இறக்கிவிட்டார். நிலைமை இன்னும் மோசமாயிற்று! வண்டியை நிறுத்திப் புல்தரையில் கிடத்திய பிறகே தம்பி கண் விழித்தான்.

காற்றுக்காகத் திறந்த கண்ணாடி கேடு செய்தது எப்படி? பின்னாளில் விடை தேடி நூல்களைப் புரட்டியபோது ஒரு நீண்ட கதை விரிந்தது.

பெட்ரோல் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அது குருதியில் கலந்து, உயிர்வளி அமர வேண்டிய இடத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதை 1850களில் பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாடு பெர்னார் கண்டறிந்தார். உயிர்வளியைவிட 200 மடங்குக்கும் மேற்பட்ட பிடிப்பு அதற்கு உண்டு. 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் இந்நச்சுவளியைத் தாமே சுவாசித்து ஆய்வு செய்தார். சுரங்கத்திற்குள் எலி, கேனரி போன்ற சிற்றுயிர்களை எச்சரிக்கைக் கருவியாகக் கொண்டு செல்லலாம் என்றவரும் அவரே.

தொடக்கக் கால மகிழுந்துகளோ பெரும்பாலும் திறந்தவை. அமெரிக்காவில் 1919இல் விற்ற வண்டிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே மூடிய அறை கொண்டது. 1927இல் அது பத்தில் எட்டுக்கும் மேலாயிற்று. மழையும் குளிரும் வெளியே நின்றன. ஆனால் உள்ளே நுழைந்த புகைக்கும் வெளியேற வழி குறைந்தது. மேலும், குளிர் போக்கப் புகைக்குழாயின் சூட்டையே அறைக்குள் செலுத்தும் வெப்பமூட்டிகள் அன்று இருந்தன. குழாயில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், சூட்டோடு நஞ்சும் வந்து சேரும்.

1938இல் நேஷ் நிறுவனம் ஒரு நல்வழி காட்டியது. வெளிக்காற்றை முன்புறமாக இழுத்து, வடிகட்டி, இயந்திரத்தின் வெந்நீரால் சூடேற்றி உள்ளே அனுப்பியது. இதனால் அறையின் காற்றழுத்தம் வெளியிலுள்ளதைவிடச் சற்றே மிகுந்தது. அழுத்தம் மிகுந்த அறையின் இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமேயன்றி, புகை உள்ளே புகாது. புகையைத் தடுக்கும் கலையின் உயிர்நாடி இதுவே.

காற்றால் குளிரும் இயந்திரங்களில் வெந்நீர் ஏது? ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வண்டி புகைக்குழாயைச் சூழ்ந்த காற்றைச் சூடாக்கிப் பயன்படுத்தியது. செவர்லே கார்வேர் இயந்திரத்தைத் தழுவி வந்த காற்றையே உள்ளே அனுப்பியது. அதன் அடைப்புகள் தேய்ந்தால் நச்சுப்புகை கசியக்கூடும் என்று 1970களின் தொடக்கத்தில் அதன் உரிமையாளர்கள் எச்சரிக்கப்பட்டனர்.

நம் நாட்டில் வெப்பமூட்டிக்கு வேலையில்லை. எங்கள் வண்டியில் புகை வேறு வழியாக வந்தது. பெட்டி போன்ற வண்டி விரைந்து ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. புகைக்குழாய் கக்கும் புகை அங்கேயே சுழல்கிறது. பின்கண்ணாடியைத் திறந்தால் அது பிள்ளைகளின் முகத்திற்கே வருகிறது! மறுநாள் பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்தார். புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பின்கதவின் இரப்பர் பட்டையும் நைந்திருந்தது. “முன்னால் திற, பின்னால் மூடு” என்றார். நேஷ் நிறுவனத்தாரின் தத்துவமும் ஏறக்குறைய அதுதானே!

பழைய வண்டி வைத்திருப்போர் ஒரு சிறு சோதனை செய்யலாம். கதவு இடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் பட்டையை மாற்றுங்கள். தரையில் கம்பிகள் நுழையும் துளைகளை இரப்பர் கொண்டு அடையுங்கள். புகைக்குழாயின் நுனி வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீள்கிறதா என்று பாருங்கள். 1975 முதல் அமெரிக்க வண்டிகளில் பரவிய வினையூக்கி மாற்றி இந்நஞ்சைப் பெரிதும் குறைக்கிறது. ஆயினும் அது சூடேறும்வரை சரிவர வேலை செய்யாது. இத்தனை செய்தாலும், நின்ற வண்டியில் குளிரூட்டியை ஓடவிட்டு உறங்குவது ஆபத்தே. அப்படி உறங்கியவர்கள் எழாமலே போன செய்திகளை நாம் நாளிதழ்களில் வாசித்திருக்கிறோம்.

அப்பா அன்று செய்தது அன்பினால்தான். ஆனால் காற்று எத்திசையில் ஓடுகிறது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அதன்பின் அந்த வண்டியை விற்கும்வரை, ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் பின்கதவின் பட்டையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்த பிறகே எங்களை ஏறச் சொல்வார்.