வரிசை பெஞ்சும் ரயில் அட்டவணையும்

மாணவர் மைய ஆங்கிலப் பாடம் என்றதும் இன்று கண்முன் வருவது ஒரே மாதிரியான காட்சிதான்: வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், வண்ண அட்டைகள், பாட்டு, ஆட்டம், ஓரமாக ஒதுங்கி நிற்கும் ஆசிரியர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளிகளில் நடந்த ஆங்கில வகுப்புகளில் இவற்றில் எதுவுமே இல்லை. வரிசையாகப் பெஞ்சுகள், கரும்பலகை, சாக்பீஸ், ஒரு வகுப்புக்கு முப்பதிலிருந்து அறுபது பிள்ளைகள், எல்லோருக்கும் முன்னால் நின்று கேள்வி கேட்கும் ஆசிரியர். ஆனால் உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் படிக்கும் நூல்களில், ‘டாஸ்க்’ வழிக் கற்பித்தலின் தொடக்கம் என்று குறிப்பிடப்படுபவற்றில் முதன்மையானவை இந்த வகுப்புகளே. ‘பெங்களூர் திட்டம்’ என்பது அதற்கு நிலைத்துவிட்ட பெயர். கடலூரின் பெயரும் சென்னையின் பெயரும் வழியில் உதிர்ந்துபோயின. மாணவர் மையம் என்பது பிள்ளை எங்கே உட்கார்கிறது என்பதில் இல்லை, அந்த நேரத்தில் அதன் மூளை எதில் சிக்கியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இதை அந்த ஐந்தாண்டு வரலாறு போல் தெளிவாகக் காட்டும் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு முன் இங்கே ஆட்சி செய்தது ‘ஸ்ட்ரக்சுரல்’ முறை. ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு ஏணிப்படி போல் அடுக்கி, ஒரு படி பழகிய பிறகே அடுத்த படிக்குப் போவது அதன் வழி. ஆசிரியர் கதவை நோக்கி நடப்பார். நடந்தபடியே ‘ஐ ஆம் வாக்கிங் டு த டோர்’ என்பார். வகுப்பு திருப்பிச் சொல்லும். 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில் இந்த முறையைப் பரப்ப ஒரு பெரிய இயக்கமே நடந்தது. 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது இலக்கு. முதலில் பயிற்சி பெற்றவர்கள் அடுத்தவர்களுக்கும், அவர்கள் மேலும் பலருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். உருள உருளப் பெருக்கும் என்ற நம்பிக்கையில் இதற்கு ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர் வைத்தார்கள். பனியே பெய்யாத ஊருக்கு என்ன பொருத்தமான பெயர்! அந்த முறையை இன்று ஏளனம் செய்வது சுலபம். இலக்கணச் சூத்திரமும் மொழிபெயர்ப்பும் மனப்பாடமும் நிறைந்திருந்த வகுப்புக்குள் பேச்சு ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது அதுதான். அந்த நன்றியை மறுக்க முடியாது. ஆனால் கதவை நோக்கி நடப்பவரைப் பார்க்கிற பிள்ளைக்கு அவர் நடப்பது ஏற்கெனவே தெரிகிறது. அந்த வாக்கியம் அதற்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் மொழி வெறும் ஓசைப் பயிற்சியாகிவிடுகிறது.

1970களின் இறுதியில் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கற்பித்தல் துறையில் இருந்த என். எஸ். பிரபு கண்ட குறையும் இதை ஒட்டியதே. வகுப்பில் சரியாக வரும் வாக்கியம் வகுப்பை விட்டு வெளியே வந்ததும் பிள்ளையின் கைக்கு எட்டுவதில்லை. அப்போது ஐரோப்பாவிலிருந்து ஒரு பதில் வந்துகொண்டிருந்தது: வாழ்க்கைச் சூழலுக்கேற்பப் பேசக் கற்றுக்கொடுங்கள், கடையில் எப்படிக் கேட்பது, அறிமுகம் எப்படிச் செய்துகொள்வது என்று. எல்லை தாண்டிப் பயணம் போகும் ஐரோப்பியருக்கு அது சரி; கடலூர்ப் பிள்ளை எந்த லண்டன் கடையில் போய் நிற்கப் போகிறது? பிரபு அந்த வழியில் போகவில்லை. இலக்கணம் பிள்ளைக்கு வேண்டும்தான் என்றார். ஆனால் கவனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது இலக்கணம் தானாக மனத்தில் அமையும், இலக்கணத்தையே குறிவைத்தால் அமையாது என்பது அவர் வாதம். பெங்களூரில் இருந்த தென்னிந்திய மண்டல ஆங்கிலப் பயிற்சி நிறுவனத்தின் துணையோடு இந்த ஊகம் எட்டு வகுப்புகளில் சோதித்துப் பார்க்கப்பட்டது. பாடமாக நடத்த இலக்கணப் பட்டியலோ சொற்பட்டியலோ கிடையாது. இருந்ததெல்லாம் அடுக்கடுக்கான புதிர்கள்தான். ‘டாஸ்க்’ என்பது இவற்றைத்தான்.

ரயில் கால அட்டவணையை வைத்து நடந்த வகையையே எடுத்துக்கொள்வோம். பலகையில் வண்டியின் பெயர், புறப்படும் நேரம், சேரும் நேரம் எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்பார்: இந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? அந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கிறது? பகல் ஒரு மணிக்குள் போய்ச் சேர வேண்டியவர் எதில் ஏறலாம்? பிள்ளை முழு வாக்கியம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ‘டென் மினிட்ஸ்’ என்றாலே போதும். விடை தவறாக இருந்தால் ஆசிரியர் கேள்வியை இரண்டாக உடைப்பார், வேறு சொற்களில் கேட்பார், எப்படி அந்த விடைக்கு வந்தாய் என்று விசாரிப்பார். எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் இந்த முன்னோட்டம் முடிந்ததும், அதே மாதிரியான வேறொரு அட்டவணையும் சில கேள்விகளும் ஒவ்வொரு பிள்ளை கையிலும் வரும். அதைத் தனியாகப் போட வேண்டும். திருத்தும்போது மதிப்பெண் ஆங்கிலத்துக்கு அல்ல, விடைக்கு. சரியான வண்டியைக் கண்டுபிடித்தாயா என்பதே கேள்வி. ஊர் வரைபடம், நாட்காட்டி, பள்ளியின் பாட அட்டவணை, கடைக் கணக்கு என்று எல்லாமே இப்படி வந்தன. கணக்கு வகுப்பில் மனக்கணக்குப் போடும் பிள்ளையின் நெற்றிச் சுருக்கம் ஆங்கில வகுப்புக்கு வந்தது இதனால்தான்.

இதில் மாணவர் மையம் எங்கே, ஆசிரியர்தானே முழுநேரமும் பேசுகிறார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குழுவாகப் பேசவிடுவதைப் பிரபு தெரிந்தேதான் தவிர்த்தார். அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் அந்த அரைகுறையே கெட்டிப்பட்டுவிடும். தங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் பேசுவதைக் காதில் வாங்கினால்தான் மொழி வளரும் என்று கருதினார். கருத்துச் சொல்லும் பயிற்சிகளையும் அவர் பெரிதாக ஏற்கவில்லை. அவற்றில் சரி தவறு கிடையாது, தொடக்கநிலைப் பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் திகைப்பையே தரும். விடை ஒன்று உண்டு, யோசித்தால் கிடைக்கும் என்கிற புதிரில் கூச்சப்படும் பிள்ளைக்கும் ஒரு பிடி இருக்கிறது. மகிழ்ச்சியே ஈடுபாடு என்று நாம் வைத்திருக்கும் சமன்பாட்டுக்கு இந்த வகுப்புகள் பொருந்தாது. கைதட்டிப் பாடும் பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கும். பாட்டின் சொற்களைப் பற்றி அது யோசித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னும் வலுவான மறுப்பு உண்டு. திட்டம் உண்மையில் பலித்ததா? எடின்பரோவைச் சேர்ந்த ஆலன் டேவிஸும் ஆலன் பெரெட்டாவும் செய்த மதிப்பீடு 1985இல் வெளிவந்தது. திட்டத்தின் வகுப்புகளையும் வழக்கமான வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். வாக்கிய அமைப்புத் தேர்வு வழக்கமான வகுப்புகளுக்கும், புதிர்த் தேர்வு திட்டத்தின் வகுப்புகளுக்கும் சாதகமாக அமைந்தன. இரு பக்கமும் சாயாத தேர்வுகளில் திட்டத்துக்கு மிதமான ஆதரவு தெரிந்தது. எது பழக்கப்பட்டதோ அது வருகிறது, இதில் வியப்பென்ன என்று கைவிரிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இலக்கணமே சொல்லித்தராத வகுப்பு நடுநிலைத் தேர்வில் பின்தங்கவில்லை என்பதே பெரிய செய்தி. ஆனால் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். திட்டத்தில் பாடம் நடத்தியவர்களில் பலர் பயிற்சி நிறுவனங்களிலிருந்து வந்த கைதேர்ந்தவர்கள். சாதாரணப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த முறை எளிதில் கைவரவில்லை என்று பெரெட்டாவே பின்னர் எழுதினார்.

காரணம் முறையிலேயே இருக்கிறது. எதிர்பாராத விடைக்கு அந்த நொடியில் இன்னொரு கேள்வியை ஆங்கிலத்தில் வார்த்தெடுக்க, ஆசிரியருக்கு அந்த மொழியில் சரளம் வேண்டும். கதவை நோக்கி நடப்பதற்கு அது தேவையில்லை. பனிப்பந்து உருண்டதும் இது உருளாததும் அதனால்தான். பிரபு 1987இல் தன் அனுபவத்தை நூலாக்கினார், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். ‘டாஸ்க்’ என்ற சொல் உலகம் சுற்றிவிட்டு, வெளிநாட்டுச் சரக்குப் போல் நம் பயிற்சிக் கையேடுகளுக்குத் திரும்பி வந்தது. 2007-08இல் தமிழகத் தொடக்கப்பள்ளிகள் முழுவதும் செயல்வழிக் கற்றல் பரவியபோது பாய் விரிக்கப்பட்டது, கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது, அட்டைகள் வந்தன. நல்ல மாற்றங்கள்தான். ஆனால் பெங்களூர் திட்டம் வைத்திருந்த ஓர் அளவுகோலை இங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு புதிரில் பாதியையாவது வகுப்பில் ஏறத்தாழ பாதிப் பேர் சரியாகப் போட்டால் அது சரியான கடினம். எல்லோரும் போட்டுவிட்டால் அது மிக எளிது, அடுத்த நாள் கடினமாக்க வேண்டும். மீதிப் பாதிப் பேருக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுந்திருக்கும் நோட்டுக் கட்டை எந்த ஆசிரியர் துணிந்து ஆய்வாளர் முன் நீட்டுவார்?