சிறகு வைத்த மூழ்கு ஈ

டிரவுட் மீனை ஏய்க்க, தூண்டில் முள்ளின் மேல் பட்டுநூலும் இறகும் சுற்றிக் கட்டும் பொய்ப்பூச்சி; ஆங்கிலேயர் சொல்லும் வெட் ஃப்ளை. மிதக்காது, நீருக்கடியில் ஓடும்.

மக்கெதோனியாவின் ஆஸ்திரேயுஸ் ஆற்றில் மீன் பிடிப்போர் முள்ளில் செங்கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்கடியில் முளைக்கும் மெழுகுநிற இறகு இரண்டைக் கட்டினர் என்று கி.பி. 200 வாக்கில் ரோமானியர் ஏலியன் எழுதினார். 1496இல் வின்கின் டி வோர்ட் அச்சிட்ட ஆங்கிலத் தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களின் கட்டுமுறையைச் சொல்கிறது. அதை இயற்றியவராகக் கூறப்படும் ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண்மணி உண்மையில் இருந்தாரா என்பதே ஐயம். 1676இல் சார்லஸ் காட்டன் மாதவாரியாகவே ஈக்களை வகுத்தார்.

வால், உடல், அதன் மேல் சரிகை, தொண்டையில் சேவல் கழுத்திறகு என்று கட்டி வந்து, பெரும்பாலும் கடைசியில்தான் சிறகு வைப்பார்கள். கையைச் சோதிக்கும் இடமும் அதுவே. பறவையின் இடச்சிறகில் ஒரு கீற்றும் வலச்சிறகில் ஒரு கீற்றும் ஒரே அகலத்தில் எடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தவையானால் சிறகு முறுக்கிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கீற்றுகளை இறுக்கிப் பிடித்து, நூலைத் தளர்வான வளையமாக மேலே போட்டு, நேர் கீழே இழுக்க வேண்டும். பிடி தளர்ந்தால் சிறகு சரிந்து பிரிந்துவிடும்.

இவற்றில் பெயர்பெற்றது கிரீன்வெல்ஸ் குளோரி. 1854இல் ட்வீட் ஆற்றில் மீன்கள் எதைத் தின்கின்றன என்று பார்த்து, அந்தப் பூச்சியைப் பிடித்துக் கொடுத்தவர் டர்ஹம் பாதிரியார் வில்லியம் கிரீன்வெல். அதைப் போலக் கட்டியவர் ஸ்ப்ரௌஸ்டன் ஊர் ஜேம்ஸ் ரைட். சிறகு பிளாக்பேர்டு பறவையுடையது. உடலோ செருப்புத் தைப்போர் மெழுகு பூசிய மஞ்சள் பட்டு. பெயர் பாதிரியாருக்குப் போயிற்று!

1857இல் ஸ்டூவர்ட் என்ற தூண்டில் எழுத்தாளர் சிறகில்லா ஈக்களையே உயர்த்திப் பேசினார். 1886இல் ஹால்ஃபோர்டின் நூல் மிதக்கும் ஈக்கு ஏற்றம் தந்தது. அமெரிக்காவில் மாறாக, சிறகு அலங்காரமாகவே வளர்ந்தது. மேரி ஆர்விஸ் மார்பரியின் 1892ஆம் ஆண்டு நூலின் வண்ணப் படங்களில் எந்தப் பூச்சியையும் ஒத்திராத ஈக்கள் பல. செவ்வெள்ளைச் சிறகுள்ள பார்மசீன் பெல், புரூக் டிரவுட்டின் துடுப்பைப் பார்த்துச் செய்தது என்பர்.

டங்கெல்ட் என்ற ஈயின் கன்னத்தில் மினுங்கும் புள்ளி சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் அப்பறவைக்கு இந்தியச் சட்டத்தின் காப்பு உண்டு. ஆதலால் இன்று ஐரோப்பியக் கட்டுநர் பண்ணையில் வளர்த்த சேவலின் இறகையோ, சாயமிட்ட போலியையோ வைக்கின்றனர்.