பற்றரி தீர்வதற்கு முன்

1983 என்ற எண்ணைக் கேட்டதும் எங்களில் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்த ஆண்டின் யூலை மாதத்துக்கு முன், பின் என்றே எமது குடும்பக் கதைகள் பிரிகின்றன. இதே ஆண்டை, இதே மாதத்தை, முற்றிலும் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கும் ஒரு கூட்டம் உலகத்தில் உண்டு. பழைய வீடியோ கேம்களைத் தேடிச் சேர்த்துத் திருத்திப் பாதுகாப்பவர்கள் அவர்கள்.

1983 யூலை 15 ஆம் திகதி யப்பானில் நின்ரெண்டோ நிறுவனம் 'பமிகொம்' என்ற விளையாட்டுப் பெட்டியை 14,800 யென் விலைக்கு வெளியிட்டது. ஒன்பது நாட்களின் பின் கொழும்பு எரியத் தொடங்கியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் அமெரிக்காவின் அற்றாரி நிறுவனம் விற்பனையாகாத தனது விளையாட்டுகளை லொறிகளில் ஏற்றிச் சென்று, நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்து, மேலே சீமெந்தும் ஊற்றியது. வட அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் விழுந்த ஆண்டு அது. உயிர்கள் போன கதையையும் பிளாஸ்ரிக் போன கதையையும் ஒரே தராசில் வைக்க எவரும் துணியமாட்டார்கள். நான் யோசிப்பது இன்னொன்றை. அந்த ஆண்டு புதைக்கப்பட்ட பிளாஸ்ரிக்கை 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்தார்கள். 1,300 அளவிலான பெட்டிகள் வெளியே வந்தன. சில அருங்காட்சியகங்களுக்குப் போயின, பல ஏலத்தில் விற்பனையாயின. குப்பைக்கே இவ்வளவு ஞாபகசக்தி உள்ள ஒரு கண்டத்தில் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்து வரும் நாம், எமது பொருட்களில் எவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறோம்?

இந்தக் கேள்வி மொன்றியலில் நடந்த ஒரு பழைய வீடியோ கேம் ஒன்றுகூடலில்தான் எனக்குள் எழுந்தது. நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். ஒருவர் எண்பதுகளின் நடுப்பகுதியில் மிராபெல் விமானநிலையத்தில் வந்து இறங்கியவர். இன்னொருவர் 1995 இடப்பெயர்வு வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர். மூன்றாமவன் முதலாமவரின் மகன். இங்கே பிறந்து, இங்கேயே கணினித் துறையில் வேலை செய்பவன். அவனுடைய வற்புறுத்தலால்தான் போனோம். 'கிழவர்கள் விளையாட்டுச் சாமான் பார்க்கப் போகினம்' என்று வீட்டில் பகிடி பண்ணினார்கள்.

பெரிய மண்டபம். மேசை மேசையாகப் பழைய விளையாட்டுகள் விரிக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கத்தில் வயிறு பெருத்த பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகள் வரிசையாக இருந்தன. புதிய தட்டைத் திரைகளில் இந்த விளையாட்டுகள் சரிவர ஓடுவதில்லையாம். துப்பாக்கியால் திரையைச் சுடும் விளையாட்டுகள் அந்தக் குழாய் திரையில் கோடு போடும் வேகத்தை நம்பியே செய்யப்பட்டவை, ஆகவே புதிய தொலைக்காட்சியில் துப்பாக்கிக்குக் கண் தெரியாது என்று தம்பி விளங்கப்படுத்தினான். ஆட்களில் பாதிப்பேர் ஐம்பது வயதைத் தாண்டிய பிரெஞ்சுக்காரர்கள், பிள்ளைகளோடு வந்திருந்தார்கள்.

மூலையில் நின்ற ஆளுயரப் பெட்டிகளின் முன் மிராபெல்காரர் நின்றுவிட்டார். 1972 இல் அற்றாரியின் 'பொங்' தொடக்கிவைத்த வழியில், 1978 இல் யப்பானியரான தொமொஹிரோ நிஷிகாடோவின் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980 இல் தோரு இவாதானியின் 'பக்-மான்' என்று வந்தவை அவை. கியூபெக்கில் இவை பெரிய கேளிக்கைக் கூடங்களில் மட்டும் நிற்கவில்லை. தெருமூலைத் தெப்பனர் கடைகளிலும், பியர்ப் பெட்டிகளுக்கும் பால் அலுமாரிக்கும் நடுவில், ஒன்றிரண்டு நின்றன. இருபத்தைந்து சதக் குற்றி போட்டால் விளையாடலாம்.

"மச்சான், உந்தப் பெட்டியிலதான் என்ர முதல் சம்பளத்தில பாதி போனது" என்றார் அவர். இரவு முழுக்க ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு, கோத்-டெ-நேஜ் பக்கத்தில் ஏழு பேர் இருந்த அறைக்குத் திரும்பும் வழியில் அந்தக் கடை. அறைக்குப் போனால் படுக்க இடம் கிடைக்காது. பகல் வேலைக்காரர் எழும்பிப் போகும் வரை நேரம் போக்கவேண்டும். "எனக்கு அப்ப பிரெஞ்சும் தெரியாது, இங்கிலிசும் அரைகுறை. கடைக்காரனோட கதைக்கப் பயம். வேலை இடத்திலயும் பயம். உந்தப் பெட்டியோட மட்டும் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. எத்தினை தரம் செத்தாலும் இன்னொரு குற்றி போட்டா திரும்பவும் மூண்டு உயிர் தரும்."

அவர் வந்த காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். 1986 ஓகஸ்ட் 11 ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள். பின்னர் அவர்கள் மொன்றியலுக்கும் ரொறொன்ரோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். பத்திரிகைகளில் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. அப்படி வந்தவர்கள் அந்த முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள், எங்கே நின்றார்கள், என்ன செய்தார்கள் என்பதற்கு எந்த நூலகத்திலும் சாட்சியம் குறைவு. ஒரு மனிதன் விடியற்காலையில் பக்-மான் விளையாடினான் என்பதை யார் எழுதி வைப்பார்கள்? அந்தப் பெட்டியின் சுற்றுப்பலகை முதல் கைபிடி வரை அத்தனையையும் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். அதற்குக் குற்றி போட்டவன்தான் பதிவில் இல்லை.

மொன்றியலில் எமது பிள்ளைகளின் மொழிக் கதையிலும் இந்த விளையாட்டுகளுக்கு ஒரு பங்கு உண்டு. 1977 இன் பிரெஞ்சு மொழிச் சட்டத்தின்படி குடிவந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலைக்கே போகவேண்டியவர்கள். வீட்டில் தமிழ், பாடசாலையில் பிரெஞ்சு. ஆங்கிலமோ பல வீடுகளில் தொலைக்காட்சியாலும் நின்ரெண்டோவாலும் வந்தது. "நான் முதன்முதல் எழுத்துக்கூட்டி வாசிச்ச இங்கிலிஸ் 'கேம் ஓவர்'தான்" என்று தம்பி சிரித்தான். பிரெஞ்சு மொழிக்காரர் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 2009 ஏப்ரல் 1 முதல், ஒரு விளையாட்டுக்கு உலகில் எங்காவது பிரெஞ்சுப் பதிப்பு இருந்தால் கியூபெக்கில் அந்தப் பதிப்பையும் விற்கவேண்டும் என்று விதி வந்தது. தன் மொழியைப் பற்றிப் பயம் கொண்ட ஒரு சமூகம் விளையாட்டுச் சாமானையும் விட்டுவைப்பதில்லை.

இந்த நகரமே இப்போது அந்த விளையாட்டுச் சாமானில் வாழ்கிறது. 1997 இல் பிரான்சின் யூபிசொவ்ற் நிறுவனம், அரச மானியங்களின் துணையோடு, சென் லோரன் வீதியில் மைல் எண்ட் பகுதியில் கடை விரித்தது. 'பிரின்ஸ் ஒவ் பேர்சியா: த சாண்ட்ஸ் ஒவ் ரைம்' 2003 இல் அங்கிருந்துதான் வெளிவந்தது, 'அசாசின்ஸ் கிரீட்' 2007 இல். அந்த நிறுவனம் குடியேறிய பெரிய செங்கல் கட்டடம் ஒரு காலத்தில் ஆடைத் தொழிற்சாலை. மொன்றியலின் தையல் தொழிற்சாலைகள் யூதர், இத்தாலியர், கிரேக்கர், போர்த்துக்கேயர் என்று அலை அலையாக வந்த குடியேறிகளின் கைகளால் ஓடியவை. கடைசி அலைகளில் எமது பெண்களும் இருந்தார்கள். ஷபனெல் பக்கத்துத் தையல் கூடங்களில் ஒரு துண்டுக்கு இத்தனை சதம் என்று தைத்த கைகள் அவை. தாய் தையல் மெஷினில் இருந்தாள், மகன் கணினியின் முன் இருக்கிறான் என்று இரண்டு தலைமுறைக் கதையைச் சுருக்கிவிடலாம். மகனின் வேலை உலகம் முழுவதும் பேர் போட்டு விற்கப்படுகிறது. தாயின் கூலிச் சீட்டை யாராவது வைத்திருக்கிறார்களா?

யாழ்ப்பாணத்திலிருந்து கடைசியாக வந்த நண்பர் அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. ஒரு மேசையில் சாம்பல் நிறக் 'கேம் போய்' ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். 1989 இல் வெளிவந்த கைப்பெட்டி அது. பின்பக்க மூடியைத் திறந்தவர், "இதுக்கு எத்தினை பற்றரி?" என்று கேட்டார். நாலு என்றான் தம்பி, சின்னப் பென்ரோச் பற்றரி.

"நாலோ! நாலு பற்றரி இருந்தா நாங்கள் மாசக் கணக்கா பிபிசி கேட்டிருப்பம்."

தம்பிக்கு விளங்கவில்லை. அவர் சொல்லத் தொடங்கினார். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருள் இருந்தது, பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் றேடியோ பாடும். தமிழோசை முடியும் வரை கை மாறி மாறிச் சுற்றவேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி மங்கிப்போகும். உலகின் மற்றப் பக்கத்தில் பிள்ளைகள் பஸ்ஸில் இருந்து ரெற்றிஸ் விளையாடிய அதே ஆண்டுகள் அவை. "நாங்கள் பின்தங்கி இருந்ததாலை இல்லை. தடுத்து வச்சிருந்ததாலை" என்று மட்டும் சொல்லி மூடியைப் பூட்டிவைத்தார்.

பக்கத்து மேசையில் ஒருவர் பற்றரி மாற்றிக்கொண்டிருந்தார். இது வேறு வகை. 'த லெஜண்ட் ஒவ் செல்டா' என்ற விளையாட்டு 1987 இல் வட அமெரிக்காவுக்கு வந்தபோது, விளையாடியவர் எதுவரை வந்தார் என்பதை ஞாபகம் வைத்திருக்க அதன் பெட்டிக்குள்ளேயே காசுக்குற்றி அளவிலான பற்றரி ஒன்றை உருக்கி ஒட்டியிருந்தார்கள். பல ஆண்டுகள் அது தாங்கும். தீர்ந்தால் விளையாட்டு ஓடும், ஞாபகம் மட்டும் போய்விடும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். அந்த மனிதர் ஈயச் சூட்டுக்கோலும் பூதக்கண்ணாடியுமாகக் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து புதுப் பற்றரி வைத்துக்கொடுத்தார். பழையதைக் கழற்றும் நேரத்தில் இருந்த ஞாபகமும் அழிந்துவிடலாம் என்பதால், முதலில் அதைக் கணினியில் பிரதி எடுத்தார்.

இவர்களை எந்த அரசும் நியமிக்கவில்லை. 1997 இல் இத்தாலியரான நிக்கொலா சல்மோரியா 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டு, அழிந்துகொண்டிருந்த பெட்டி விளையாட்டுகளைச் சாதாரணக் கணினியில் ஓட வைத்தார். உரிமையாளர்களான நிறுவனங்களில் பல அப்போது தங்கள் பழைய சரக்கை மறந்தே போயிருந்தன. அமெரிக்காவில் இயங்கும் வீடியோ கேம் வரலாற்று அமைப்பு ஒன்று 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010 க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்க முடியாதவை. கோடிக்கணக்கில் விற்ற, பெரும் பணம் புரண்ட துறையின் கதியே இதுவென்றால், இருநூறு பிரதி அச்சடித்த எமது சஞ்சிகைகளின் கதி என்ன?

எமக்கு ஒரு பழக்கம் உண்டு. அழிவு என்றதும் 1981 யூன் 1 இன் யாழ் நூலகத்தை நினைப்போம், 97,000 நூல்களை நினைப்போம். நினைக்கவேண்டியதுதான். அது எதிரி செய்த அழிவு, அதற்குத் திகதி உண்டு, ஆண்டுதோறும் கூட்டம் வைக்கலாம். ஆனால் இந்த நகரத்தின் நிலக்கீழ் அறைகளில் எதிரியின் உதவி இல்லாமலே ஓர் அழிவு நடந்துகொண்டிருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எமது வாழ்க்கை காந்த நாடாவில்தான் பதிவானது. ஊரிலிருந்து அம்மா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசற், கலியாண வீடு, செத்தவீடு, நாடகம், கூட்டத்தில் நடந்த சண்டை. இலங்கையிலிருந்து வந்த வீடியோ நாடா இங்கத்தைய டெக்கில் ஓடாது, அங்கே பால் முறை, இங்கே என்.ரி.எஸ்.சி. முறை. காசு கொடுத்து மாற்றி எடுத்துத்தான் பார்த்தோம். யப்பானியப் பமிகொம்மின் பெட்டிக்கு 60 தொடுமுனை, வட அமெரிக்கப் பெட்டிக்கு 72, ஒன்று மற்றதில் ஏறாது என்று அந்த மண்டபத்தில் விளங்கப்படுத்தியபோது, எங்கள் மூவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

வீடியோ டெக் செய்த கடைசி நிறுவனமான யப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடாவிலுள்ள காந்தப் பூச்சு காலத்தோடு உதிர்கிறது. அதாவது நாடாவும் சாகிறது, நாடாவை ஓட்டும் மெஷினும் சாகிறது, அதில் வரும் முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய தலைமுறையும் போய்க்கொண்டிருக்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நோர்வேயின் சுவடுகள், ஜெர்மனியின் தூண்டில், சுவிஸின் மனிதம் என்று புலம்பெயர் சஞ்சிகைகள் பலவற்றை இன்று பக்கம் பக்கமாக வாசிக்கலாம். அதுவும் தன்னார்வலர் வேலைதான், அந்தச் சூட்டுக்கோல் மனிதரின் வேலையைப் போல. ஆனால் அச்சில் வந்ததற்கே அங்கே முதலிடம். அச்சுக்கு வராதவர்களின் வாழ்க்கை, கோப்பை கழுவியவரின், துண்டுக்குத் தைத்தவரின், சைக்கிள் சுற்றியவரின் வாழ்க்கை, இன்னும் சப்பாத்துப் பெட்டிகளுக்குள்தான் கிடக்கிறது.

இதற்குப் பெரிய கட்டடமும் நிர்வாகசபையும் தலைவர் தெரிவும் தேவையில்லை. அவை வந்தால் முதலில் சண்டைதான் வரும், அனுபவம் உண்டு. ஓடக்கூடிய ஒரு டெக், ஒரு கணினி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் சொல்லத் தெரிந்த ஒரு வயோதிபர், எழுதி வைக்க ஓர் இளையவர். பாதுகாக்கத் தகுந்தது எது என்று முன்கூட்டியே தீர்மானிக்கவும் வேண்டாம். 1983 இல் அலமகோர்டோவில் லொறியால் கொட்டியவர்களுக்கும் அது குப்பை என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. வீடு மாறும்போதோ, பெற்றோர் இறந்தபின் அறையைத் துப்புரவாக்கும்போதோ அந்தப் பெட்டிகளைக் குப்பை வண்டிக்கு வைக்க எடுப்பவர்கள், ஒரு கிழமை பொறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கட்டும்.