சால்கோபைரைட்

செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த, உலோகப் பளபளப்புள்ள கனிமம். உலகில் எடுக்கப்படும் செம்பில் பெரும்பங்கு இதிலிருந்தே வருகிறது. தூய கல்லின் எடையில் செம்பு சுமார் 34.6 சதவீதம். இதன் படிக அமைப்பை 1917இல் பர்டிக், எல்லிஸ் இருவரும் எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தனர். 1932இல் லைனஸ் பாலிங்கும் பிராக்வேயும் அதைத் திருத்தினர்.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில் இக்கல்லின் வரலாறு சுங்கை லெம்பிங் என்ற ஊரைச் சேர்ந்தது. 1906இல் அமைந்த பகாங் கன்சாலிடேட்டட் நிறுவனம் வெள்ளீயத்துக்காகப் பூமிக்கடியில் சுமார் 320 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வெட்டியது. வெள்ளீயக் கல் இருந்த பாறை நரம்புகளிலேயே சால்கோபைரைட்டும் கலந்து கிடந்தது. 1985இல் வெள்ளீய விலை சரிந்தது. அடுத்த ஆண்டு சுரங்கம் நின்றது. செம்பையே நம்பித் தோண்டிய இடம் சபா மாநிலத்தின் மாமுட். 1975 முதல் 1999 வரை அது இயங்கியது. அங்கே மிஞ்சிய கந்தகக் கற்கள் மழையோடும் காற்றோடும் வினைபுரிந்து, கைவிடப்பட்ட குழியை அமில ஏரியாக்கிவிட்டன. இக்கல்லின் வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி இது.

கேமரன் மலையும் பகாங்கில்தான் இருக்கிறது. ஆனால் அது மேற்கே, தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல் மேல் அமைந்தது. 1885இல் வில்லியம் கேமரன் ஆய்வு செய்த இம்மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. தோட்டச் சாலைக்காக வெட்டிய மண்சுவரில் மழைக்குப்பின் பொன்போல மின்னுவது பெரும்பாலும் சால்கோபைரைட் அல்ல, காக்காப்பொன் (மைக்கா). நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

சால்கோபைரைட் அப்படிப் பிரியாது. நிறத்தை நம்பாமல் கத்திமுனையால் கீறிப் பார்க்க வேண்டும். இதில் கீறல் விழும். இதைப் போலவே தோன்றும் பைரைட்டில் விழாது. பிறகு மெருகிடாத பீங்கானில் அழுத்தித் தேய்த்தால், பித்தளை மஞ்சள் கல் கரும்பச்சைக் கோடு போடும். தங்கமென்றால் கோடும் மஞ்சளாகவே இருக்கும். சுத்தியலால் தட்டினால் தங்கம் தட்டையாகும், இது நொறுங்கும். நீலமும் ஊதாவுமாக மின்னும் "மயில் கல்" என்று கடைகளில் விற்பதில் பெரும்பாலானவை அமிலத்தில் நனைத்த சால்கோபைரைட்டே. அவற்றைச் சேகரிப்பில் சேர்க்கத் தேவையில்லை.

கல் சேகரிப்போர் பழைய சுரங்கங்களுக்குள் தனியே நுழைய வேண்டாம். தோட்ட நிலமென்றால் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். எடுத்த இடத்தையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லுடனேயே வையுங்கள். அந்தச் சீட்டு இல்லாத கல் ஆய்வுக்குப் பயன்படாது.