பழைய மரமும் புதிய மேசையும்

மாரெட்பள்ளியின் தெருக்களில் ஓட்டுக் கூரையும் முன்தாழ்வாரமும் கொண்ட பழைய வீடுகள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. அவை நின்ற மனைகளில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. வீடு இடிபடும்போது முதலில் வண்டியேறுவது மரமே. உத்தரம், நிலை, கதவு, சன்னற் சட்டம் ஆகியவற்றை வணிகர் விலைபேசி எடுத்துச் செல்வர். ஆணியேறிப் பிளந்தவையும் வண்ணம் உரிந்து விகாரமாகத் தோன்றுபவையும் விறகுக்குப் போகும். அவ்வாறு போகவிருந்த ஒரு நிலைச்சட்டத்தையும் கதவுப் பலகையையும் கொண்டு சிறியதொரு மேசை செய்த வகையை இங்கே கூற விரும்புகிறோம். அதற்குமுன் அந்த மரத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

சிகந்தராபாத் 1806ஆம் ஆண்டில் படைவீடாக அமைந்த ஊர். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரே இவ்வூரின் பெயராயிற்று. சென்னைப் படைப்பிரிவுகளோடு தமிழரும் இங்கு வந்தனர். சிப்பாய்கள், கணக்கர்கள், சரக்கு வழங்கிய ஒப்பந்தக்காரர்கள் எனப் பல திறத்தினர் அவர்கள். 1862இல் இவ்வூரில் தோன்றி, பின்னர் மகபூப் கல்லூரி எனப் பெயர் பெற்ற பள்ளியை நிறுவியவர் சோமசுந்தர முதலியார். 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் சொற்பொழிவாற்றியதும் அங்கேதான். 1874இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. 1966 அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வேயின் தலைமையகம் இங்கு அமைந்தது. இரயில்வே ஊழியர், மத்திய அரசு அலுவலர், வங்கியாளர் எனத் தமிழர் மேலும் பலர் குடியேறினர். மாரெட்பள்ளியில் தமிழ்க் குரல் கேளாத தெரு அரிது. இடிபடும் வீடுகளுள் சில, இப்படி வந்தவர்கள் குடியிருந்தவை.

அந்த வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் நல்ல மரம் தேக்கு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின் பயணம் ஒரு தனி இன்பம். மலையாளக் கரையில் வழங்கிய இத்திராவிடச் சொல்லைப் போர்த்துகீசியர் ‘தெக்கா’ என்று கொண்டு சென்றனர். அவர்கள் வழியே அது பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் சென்றது. சொல் சென்றது பிற்காலத்தில்தான். மரமோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல் கடந்துவிட்டது.

எகிப்தின் செங்கடற் கரையில் பெரனிகே என்னும் பழந்துறைமுகம் உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி மன்னன் அதனை நிறுவித் தன் தாயின் பெயரை இட்டான். 1994 முதல் அங்கே நடந்த அகழாய்வில், இந்தியாவில் வனைந்த பெரிய தாழியொன்றினுள் ஏழரைக் கிலோ அளவில் மிளகு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மட்கல ஓடும் கிடைத்தது. இவற்றைப் பலர் அறிவர். ஆனால் அவ்வூரின் பிற்காலக் கட்டடங்களில் தேக்கு மரம் மிகுதியாகக் கிடைத்ததைப் பற்றி அத்துணைப் பேர் பேசுவதில்லை. அப்பாலைநிலத்தில் தேக்கு வளராது. கடலோடிப் பழுதான கப்பல்களைப் பிரித்து, அம்மரத்தையே சுவரிலும் வீட்டிலும் இட்டனர் என்பது அறிஞர் கருத்து. கடல் நீரில் உழன்ற மரத்தை எறிந்துவிட மனம் வராத தச்சர் அங்கும் இருந்தனர். நம் கையில் உள்ள நிலைச்சட்டத்தின் தூரத்துச் சுற்றத்தை அப்பாலைவனச் சுவரில் காண்கிறோம்.

கப்பல் மரத்திலிருந்து மேசை செய்த செய்தியும் ஒன்று உண்டு. ‘ரெசொலூட்’ என்னும் ஆங்கிலக் கப்பல் 1854இல் வடதுருவப் பனியில் சிக்கிக் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கத் திமிங்கிலவேட்டைக் கப்பலொன்று அதனைக் கண்டெடுத்தது. அமெரிக்க அரசு அதனை விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 1856இல் விக்டோரியா அரசிக்குத் திருப்பி அளித்தது. 1879இல் கப்பலைப் பிரித்தபோது, அதன் கருவாலி மரத்தால் எழுதுமேசையொன்று செய்வித்து 1880இல் அமெரிக்கத் தலைவர் ஹேய்சுக்கு அனுப்பினார் அரசி. அந்நாட்டுத் தலைவர்கள் பலர் அதில் அமர்ந்து எழுதியுள்ளனர். கருவாலிக்கு இத்துணைப் புகழ் எனில் தேக்குக்கு என்ன குறை? 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கினால் கட்டி மிதக்கவிட்ட ‘திருக்கோணமலை’ என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. தேக்கில் உள்ள எண்ணெய் இரும்பைத் துருவேறாமல் காப்பதும் கப்பல் கட்டுவோர் அதனை விரும்பியதற்கு ஒரு காரணம்.

இவ்விருப்பமே காடுகளுக்குக் கேடாயிற்று. மலபார்க் காடுகள் வறண்டன. அதனைக் கண்ட மாவட்ட ஆட்சியர் கானொலி, சாத்து மேனோன் என்பவரைக் கொண்டு 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்க்கத் தொடங்கினார். வணிகரோ பர்மாவை நாடினர். பர்மியக் காடுகளில் மரத்தைச் சுற்றிப் பட்டையும் வெளிமரமும் வளையமாக வெட்டி, நின்றபடியே காயும்படி இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டுவைப்பர். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும். காய்ந்த பின்னரே மிதக்கும். பிறகு யானைகள் இழுத்துவர, ஆறுகள் அதனைத் துறைமுகம் சேர்த்தன. 1885இல் மூன்றாம் பர்மியப் போர் மூண்டதற்கு, பம்பாய் பர்மா வணிகக் கழகத்தின்மேல் பர்மிய அரசு விதித்த மரத் தண்டமே சாக்காக அமைந்தது. தீபா மன்னன் நாடிழந்து இரத்தினகிரியில் சிறையிருந்தான். ஒரு கதவு நிலைக்குப் பின்னே இத்துணை வரலாறு நிற்கிறது!

செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்கள் பர்மாத் தேக்கு என்பது நேயர் அறிந்ததே. 1942இல் சப்பானியர் பர்மாவில் புகுந்தபோது தமிழர் பல்லாயிரவர் கால்நடையாகத் தாயகம் நோக்கி நடந்தனர். அங்குச் சேர்த்த செல்வம் அங்கேயே நின்றுபோயிற்று. இங்கிருந்த பெருவீடுகள் சில காலப்போக்கில் பிரிக்கப்பட்டன. அவற்றின் கதவுகளும் தூண்களும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு வந்தன. வாங்கியவர் பலரும் அவற்றைக் காட்சிப்பொருளாக நிறுத்திவைத்தனர். பயன்படுத்துவதே மரத்துக்குச் செய்யும் மரியாதை என்பது நம் எண்ணம்.

இனி மேசைக்கு வருவோம். புது மரம் வாங்குவோர் முதலில் அளவு வரைந்து, பின்னர் மரம் எடுப்பர். பழைய மரத்தில் இம்முறை செல்லாது. கையில் உள்ளதை அளந்து, பிளவும் துளையும் எங்கெங்கே உள்ளன எனக் குறித்த பின்னரே மேசையின் வடிவத்தை முடிவு செய்யவேண்டும். நமக்குக் கிடைத்த சட்டம் ஏழடி நீளம், நான்கு அங்குல அகலம், மூன்று அங்குலக் கனம். அகலத்தை நடுவே நீளவாக்கில் அறுத்தால், மூன்றங்குல அகலமும் ஏறத்தாழ இரண்டங்குலக் கனமும் உள்ள இரு துண்டுகள் ஆகும். ஒவ்வொன்றிலும் கால்களுக்கு ஒன்றே முக்கால் அங்குலச் சதுரம் எடுத்தது போக, ஓரங்குலப் பட்டை எஞ்சும். அப்பட்டைகளே கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். கால் ஒன்றுக்கு இருபத்தேழு அங்குலம் கொண்டால் நான்கு காலுக்கும் மரம் போதும்; பிளந்த முனையைத் தள்ளவும் இடமுண்டு. மேற்பலகைக்குக் கதவின் ஓரங்குலப் பலகைகள் இரண்டை ஒட்டி, இருபதுக்குப் பதினைந்து அங்குலமாக அமைத்தோம்.

அறுக்குமுன் ஆணி பிடுங்குவதே பெரும்பணி. காந்தத்தைச் சட்டத்தின்மேல் மெல்ல நகர்த்தினால் உள்ளே ஒளிந்த ஆணி அகப்படும். ஓர் ஆணி தவறினாலும் வாளின் பல் போய்விடும். தேக்கில் மணற்சத்து உண்டாதலின், ஆணியில்லாவிடினும் உளியும் இழைப்புளியும் விரைவில் மழுங்கும். பழைய வண்ணத்தை உலரத் தேய்த்துத் தூளாக்குதல் கூடாது. முற்கால வண்ணங்களில் ஈயம் மிகுதி. வீட்டு வண்ணங்களில் ஈயத்துக்கு வரம்பு கட்டிய மத்திய அரசின் விதிகள் 2016இல்தான் வந்தன. ஆகவே ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைக் குழந்தைகள் கைபடாமல் அகற்றவேண்டும். இரயில்வே ஊராதலால் பழைய தண்டவாளக் கட்டைகளும் மலிவாகக் கிடைப்பதுண்டு. அவை கீல் எண்ணெய் ஊறியவை. உண்ணவும் எழுதவும் உள்ள மேசைக்கு அவை ஆகா.

இணைப்புக்கு இரும்பு வேண்டுவதில்லை. குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, காலில் பொளிந்த துளையில் செருகி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்தால் போதும். எண்ணெய்ப்பற்று மிகுந்த தேக்கில் பசை எளிதில் பிடிக்காது. புதிதாக இழைத்த முகத்தில் உடனே பூசினால் ஓரளவு பிடிக்கும். துணைக்கு வந்த தச்சர் தெலுங்கர். அவர் சொற்களில் பாதி நமக்கு விளங்கவில்லை. ஆனால் உளி என்னும் போது இருவரும் ஒன்றையே சொன்னோம்.

மேற்பலகையைக் கால்களோடு இறுக ஒட்டிவிடுதல் தவறு. தக்காணத்தின் கோடையில் மரம் சுருங்கும், மழையில் விரியும். எவ்வளவு முற்றிய மரமாயினும் இது நிகழும். ஆகவே பலகையின் அடியில் மரக்கொளுத்துகள் வைத்து, அவை குறுக்குச் சட்டத்தின் காடியில் சிறிது நகரும்படி விட்டோம். நான்கு கொளுத்துகளையும் திருகினால் பலகை தனியே வந்துவிடும். மாற்றல் உத்தரவு வரும் நாளில் கால்கள் ஒரு மூட்டை, பலகை ஒரு மூட்டை எனக் கட்டிக்கொள்ளலாம்.

இழைத்து முடித்ததும் மரத்தின் உள்நிறம் பொன்போல் தோன்றியது. ஆளிவிதை எண்ணெயைத் துணியால் இருமுறை தேய்த்தோம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தல் ஆகாது. தானே சூடேறித் தீப்பற்றும். பலகையின் ஓரத்தில் பழைய தாழ்ப்பாள் செருகிய துளை ஒன்று உண்டு. அதனை அடைக்க மரத்துண்டு செதுக்கினார் தச்சர். வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். இப்போது எழுதுகோலை அதில் நிறுத்திவைக்கிறோம்.