ஏடு பொய்த்தது, எழுத்துக் கற்றனர்!

அயல்மொழி கற்பது எதற்காக? அலுவலில் அமர்வதற்கு என்பர் சிலர். அவையிலே ஆடம்பரமாகப் பேசி, அறியாதாரை வாய்பிளக்க வைப்பதற்கு என எண்ணுவாரும் உளர். அயல்மொழி நுழைந்தால் தாய்மொழி தேய்ந்துவிடும் என்று அஞ்சி விலகுவோர் ஒரு புறம். தாய்மொழியிலே என்ன இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்குவோர் மற்றொரு புறம். இரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று ஜப்பான் நாட்டிலே நடந்தது. மருத்துவர் சிலர், உடனிருந்து கற்பிக்க ஆசான் இன்றி, உதவிக்கு அகராதி இன்றி, ஒரு மொழியின் வாயிலை முட்டி முட்டித் திறந்த வரலாறு அது. அவர்கள் பட்ட பாடு பெரிது. பெற்ற களிப்போ அதனினும் பெரிது!

பதினேழாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட தோகுகவா மரபினர் நாட்டின் கதவுகளை இழுத்து மூடினர். 1639-ல் போர்த்துகீசியர் விரட்டப்பட்டனர். ஐரோப்பியருள் டச்சு வணிகர் மட்டுமே எஞ்சினர். அவர்களும் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தையடுத்த டெஷிமா எனும் சிறு செயற்கைத் தீவிலே அடைபட்டுக் கிடந்தனர். அவர்களோடு பேசும் உரிமை, வழிவழி வந்த மொழிபெயர்ப்பாளர் குடும்பங்களுக்கே உரியது. மொழியும் அங்கே பரம்பரைச் சொத்து! 1720-ல் ஷோகன் யோஷிமுனே அயல்நாட்டு நூல்கள் மீதிருந்த தடையைத் தளர்த்தினார். பின்னர் அறிஞர் இருவரை டச்சு மொழி பயிலுமாறு பணித்தார். கதவு சற்றே திறந்தது. காற்று மெல்ல நுழைந்தது.

அந்நாளைய மருத்துவம் எப்படி இருந்தது? சீனப் பழம்பெரும் ஏடுகளே ஆதாரம். நுரையீரலுக்கு ஆறு மடல்கள், இரண்டு காதுகள். கல்லீரலுக்கு இடப்புறம் மூன்று மடல், வலப்புறம் நான்கு மடல் — இப்படி எழுதியிருந்தது. எழுதியிருந்ததைப் படித்தனர், படித்ததை மனப்பாடம் செய்தனர், மனப்பாடம் செய்ததை மாணவருக்கு ஓதினர். திறந்து பார்த்தவர் உண்டா? 1754-ல் கியோட்டோ நகரில் யமவாகி தோயோ என்ற மருத்துவர், இசைவு பெற்று உடலறுவையைக் கண்டார், கண்டதை நூலாக்கினார். மற்றையோர் ஏட்டையே கட்டிக்கொண்டு கிடந்தனர்.

எடோ நகரில் — இன்றைய டோக்கியோவில் — சுகிதா கென்பாக்கு என்றொரு மருத்துவர் இருந்தார். அவரும், அவரைவிடப் பத்தாண்டு மூத்த மயெனோ ரியோதாகு என்ற மருத்துவரும், 1766-ல் எடோவுக்கு வந்திருந்த நாகசாகி மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் சென்று, டச்சு மொழி கற்க வழி கேட்டனர். அவர் சிரித்தார். “தண்ணீர் குடிப்பதைக் கையால் காட்டிக் கேட்கலாம், அதற்குரிய சொல் கிடைத்துவிடும். குடிப்பதில் விருப்பம் உண்டா என்பதை எந்தக் கையால் காட்டுவது?” என்ற பொருள்படப் பேசி, இது வீண்வேலை என்று அறிவுரை தந்து அனுப்பினார். மொழிகற்போர் எல்லாரும் அறிந்த இடர்ப்பாடு இது! பொருளைச் சுட்டலாம், எண்ணத்தைச் சுட்ட விரல் ஏது? சுகிதா ஆசையை அன்றே கைவிட்டார். மயெனோ விடவில்லை. ஐம்பதை நெருங்கும் அகவையிலே, நெடுந்தொலைவிலுள்ள நாகசாகிக்கே சென்று, சில நூறு சொற்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். கையிலே ஒரு டச்சு உடற்கூற்று நூலும் இருந்தது.

அந்நூலின் பிறப்பையும் கேளுங்கள். 1722-ல் குல்மஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதியது. 1734-ல் டச்சு மொழிக்கு மாற்றப்பெற்றது. டச்சுக்காரரே அயல்மொழியிலிருந்து பெற்ற செல்வம் அது! அறிவுக்கு ஏது பிறப்பிடப் பெருமை? அதே நூலின் படி ஒன்று சுகிதாவுக்கும் கிடைத்திருந்தது. ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாத அவர், படங்களைக் கண்டு மயங்கினார். அவர் பணியாற்றிய சிற்றரசு பொருளுதவி செய்ய, விலை கொடுத்து வாங்கினார். படங்கள் மெய்யா, பொய்யா? அறிய ஒரே வழி, உடலைத் திறந்து பார்ப்பதுதான்.

1771 ஏப்ரல் 18. எடோவின் கொலைக்களத்திலே, மரண தண்டனை பெற்ற ஐம்பது வயதளவிலான பெண்ணொருத்தியின் உடல் அறுக்கப்பட்டது. அவள் பெயரைக்கூட வரலாறு காத்து வைக்கவில்லை. ஊரார் இட்ட பட்டப்பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. சுகிதாவும் மயெனோவும், இளைய நண்பர் நகாகவா ஜுன்ஆனும் சென்றனர். இருவர் கையிலும் ஒரே நூல்!

அறுத்துக் காட்டியவர் யார்? மருத்துவரா? அல்லர். பிணத்தைத் தொடுதல் இழிவு, தோலைத் தொடுதல் இழிவு என்று சமுதாயம் ஒதுக்கி வைத்த தீண்டாக் குலத்தைச் சேர்ந்த தொண்ணூறு வயது முதியவர்! இளமை முதல் பல உடல்களை அறுத்தவர். இது இதயம், இது கல்லீரல், இது இரைப்பை என்று எடுத்தெடுத்துக் காட்டினார். பெயரறியாத உறுப்புகளையும் சுட்டி, தாம் அறுத்த ஒவ்வோர் உடலிலும் இவை இதே இடத்தில் இருந்தன என்றார். இதுவரை வந்து பார்த்த மருத்துவர் எவரும், இவை என்னவென்று தம்மைக் கேட்டதே இல்லை என்றும் கூறினார். எண்ணிப் பாருங்கள்! ஏடு சுமந்தவர் உயர்ந்தோர். அவருக்கு உண்மை தெரியவில்லை. உண்மையைக் கையிலே ஏந்தியவர் தாழ்ந்தோர்; அவரிடம் கேட்பாரில்லை. அந்த இழிநிலையைச் சட்டம் ஒழித்தது 1871-ல் — சரியாக ஒரு நூறாண்டு கழித்து!

உடலையும் படத்தையும் ஒப்பு நோக்கினர். அணுவளவும் வேறுபாடு இல்லை. ஆறு மடலையும் காணோம், இரு காதுகளையும் காணோம்! ஆட்சியாளரின் அரண்மனை மருத்துவர் சிலர் முன்னரே ஏழெட்டு முறை இதைக் கண்டவர்கள்தாம். ஏட்டுக்கும் உடலுக்கும் பொருத்தமில்லை என உணர்ந்தபோது அவர்கள் என்ன எண்ணினராம்? சீனர் உடல் வேறு, பிறர் உடல் வேறோ என்று ஐயுற்றனராம்! ஏடு தவறாக இருக்கலாம் என்று எண்ண மனம் வரவில்லை. மனித குலத்தையே இரண்டாக்கத் துணிந்தனர். ஏட்டு வழிபாடு மனிதரை எங்கே கொண்டு நிறுத்துகிறது, பார்த்தீர்களா!

திரும்பும் வழியில் மருத்துவர் மூவரும் வெட்கினர். உடலின் அமைப்பையே அறியாமல் இத்தனை காலம் மருத்துவம் பார்த்தோமே என்று மனம் நொந்தனர். இந்நூலை மொழிபெயர்த்தே தீர்வது என உறுதி கொண்டனர். மறுநாளே மயெனோவின் இல்லத்தில் கூடிவிட்டனர்.

கூடினர், நூலைத் திறந்தனர், திகைத்தனர். மயெனோவுக்குச் சில நூறு சொற்கள் தெரியும். சுகிதாவுக்கு நெடுங்கணக்கே இனிமேல்தான். உடலின் உட்புறத்தைத் தொட்டால் கரை காண்பதரிது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் வெளியுறுப்புகளிலிருந்து தொடங்கினர். கண்ணுக்கு மேலே வளரும் மயிரே புருவம் — இதுதான் செய்தி. இந்த ஒற்றை வரியை அறிய நீண்ட இளவேனிற் பகல் முழுதும் போதவில்லை! மூக்கைப் பற்றிய இடத்தில் ஒரு சொல் வழிமறித்தது. மயெனோ நாகசாகியிலிருந்து கொணர்ந்த சிறு கையேட்டில் அதற்கு விளக்கம் இருந்தது: மரக்கிளையை வெட்டினால் அவ்விடத்தில் அது உண்டாகும், முற்றத்தைப் பெருக்கினால் குப்பை சேர்ந்து அது உண்டாகும். அது என்ன? வெட்டுவாய் ஆறினால் புடைக்கும். குப்பை சேர்ந்தால் குவியும். முகத்தின் நடுவே மூக்கு மேடாக நிற்கிறது. ஆகவே, மேடு! சுகிதா சொன்னார், மற்றவர் ஒப்பினர். பெருஞ்செல்வம் கிட்டியது போல மகிழ்ந்தனர்.

இந்நிகழ்ச்சியைச் சுகிதா, நாற்பதாண்டுகளுக்குப் பின், எண்பதைக் கடந்த அகவையில், 1815-ல் எழுதிய நினைவுக் குறிப்பில் சொல்கிறார். பிற்கால ஆய்வாளர் நூலைப் புரட்டிப் பார்த்து, மூக்கைப் பற்றிய பகுதியில் அச்சொல் இல்லை என்று காட்டியுள்ளனர். முதியவரின் நினைவு சற்றே தடம் மாறியிருக்கலாம். ஏட்டைச் சோதித்தவரின் ஏட்டையும் சோதிப்பதே அவருக்குச் செய்யும் மதிப்பு! எனினும் அயல்மொழி கற்பவன் சொல்லோடு போராடும் விதத்தை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

விளங்காத சொல்லுக்கு வட்டத்துள் சிலுவைக் குறி இட்டு வைத்தனர். தொடக்கத்தில் பக்கமெல்லாம் குறிகள்! மாதம் ஆறேழு முறை கூடினர், ஒருமுறையும் தவறவில்லை. ஓராண்டு கழிந்ததும் நாளொன்றுக்குப் பத்து வரி வரை படிக்க முடிந்தது. சுகிதா, பகலில் விளங்கியதை அன்றிரவே எழுதி முடிப்பார். நீங்கள் முடிக்கும் வேளையில் நான் புல்லடியில் கிடப்பேன் என்று அவசரப்படுத்துவாராம். அதனையே நண்பர்கள் அவருக்குப் பட்டப்பெயராக்கிச் சிரித்தனர். பதினொரு முறை திருத்தி எழுதினார்.

படித்தால் போதுமா? தம் நாட்டார்க்குச் சொல்ல வேண்டுமே! இருக்கும் சொல் பொருந்துமிடத்தில் அதனையே ஆண்டனர். எலும்பு எலும்பாகவே வந்தது. இல்லாத இடத்தில் பொருளறிந்து புதுச்சொல் படைத்தனர். குருத்தெலும்பு ‘மென்னெலும்பு’ ஆயிற்று. நரம்புக்கு அவர்கள் ஆக்கிய ‘ஷின்கெய்’ என்ற சொல்லை ஜப்பானியர் இன்றும் வழங்குகின்றனர். எவ்வகையிலும் இயலாதபோது மட்டும் அயற்சொல்லின் ஒலியை அப்படியே எழுதினர். சுரப்பியைக் குறிக்கும் டச்சுச் சொல் அவ்வாறு நின்றது. அடுத்த தலைமுறை அந்தக் குறையையும் விடவில்லை. உதகவா கென்ஷின் என்பார் சுரப்பிக்கென ஒரு புதிய எழுத்தையே வடித்தார்! மொழி வளர்வது இவ்வாறுதான்; வாழ்த்துப் பாடுவதால் மட்டும் வளர்வதில்லை.

1773-ல் முதலில் சில படங்களை மட்டும் வெளியிட்டு, ஆட்சியின் முகக்குறிப்பை அறிந்தனர். இடியொன்றும் விழவில்லை. 1774-ல் ‘கைதாய் ஷின்ஷோ’ — உடற்கூற்றின் புதிய நூல் — வெளிவந்தது. அதில் மயெனோவின் பெயர் இல்லை! புகழுக்காகக் கற்பதில்லை என அவர் பூண்டிருந்த உறுதி ஒரு காரணம் என்பர். மொழிபெயர்ப்பு இன்னும் நிறைவுறவில்லை என்று அவர் கருதியது மற்றொரு காரணம் என்பர். எதுவாயினும், எல்லாரினும் அதிகம் கற்றவர் எல்லாரினும் அடங்கி நின்றார்.

குறையும் கூறவேண்டும். அந்நூல் மக்கள் பேச்சு நடையில் இல்லை. கற்றோர் மட்டுமே அறியும் சீனச் செந்நடையில் இருந்தது. ஏட்டின் பொய்யை உடைத்தவர்களாலும் ஏட்டின் மொழியை உடைக்க முடியவில்லை. அதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

வழி திறந்தபின் கூட்டம் பெருகிற்று. 1796-ல் டச்சு–ஜப்பானிய அகராதி உருவாயிற்று. ஒசாகாவில் ஒகாதா கோஆன் 1838-ல் நிறுவிய பள்ளியில், ஓர் அகராதிப் படியை மாணவர்கள் முறைவைத்துப் புரட்டினர். அவ்வறையில் இரவெல்லாம் விளக்கெரிந்தது. அங்கே பயின்ற ஃபுகுசாவா யுகிச்சி 1859-ல் யோகோகாமா துறைமுகம் சென்றார். கடைப்பலகை விளங்கவில்லை, பேச்சும் புரியவில்லை. அங்கே வழங்கியது ஆங்கிலம்! உயிரைக் கொடுத்துக் கற்ற டச்சு அங்கே உதவவில்லை. சோர்ந்து வீடு திரும்பினார். அடுத்த நாளே ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். மொழி அவருக்குத் தெய்வமன்று, கருவி. ஆகவேதான் மாற்றிக்கொள்ள முடிந்தது. கற்றதையெல்லாம் எளியோர்க்கும் விளங்கும் ஜப்பானிய நடையில் எழுதிக் குவித்தார். சுகிதாவின் நினைவுக் குறிப்பை 1869-ல் அச்சேற்றியவரும் அவரே. முன்னோர் பட்ட பாட்டைப் படித்தபோதெல்லாம் கண்ணீர் விட்டதாகக் கூறியிருக்கிறார்.

இளைஞர்களே! அயல்மொழி கற்கும்போது நா பிறழும், நகைப்பர் சிலர். ஒரு வரியோடு ஒரு நாள் கழியும். கழியட்டும்! ஒரு புருவத்துக்காக ஒரு பகலைச் செலவிட்டவர்களே ஒரு நாட்டின் மருத்துவத்தை மாற்றினர். ஆனால் கற்றபின் என்ன செய்கிறீர்கள் என்பதே கேள்வி. கற்றதை அணிகலனாக்கி மினுக்கித் திரிந்தால், அது பழைய ஏட்டுக்குப் பதில் புதிய ஏட்டைச் சுமப்பதாகும். கற்றதைக் கொண்டு ஏட்டைச் சோதியுங்கள். உண்மையைத் தாய்மொழியில் கொண்டுவந்து கொட்டுங்கள். சொல் இல்லையெனில் படையுங்கள். அதற்கு முன், ஒதுக்கி வைக்கப்பட்டவர் யாரேனும் அருகில் நின்று, கேட்பாரின்றி உண்மையைக் கையில் ஏந்திக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அவரிடம் கேளுங்கள். கல்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது!